என் அரண்மனைக்கு அவள் போய்வந்தாள்

என் ஓரகத்தி சீனாவுக்குப் போகிறாள் என்று தெரிந்த அன்று சாம்பாருக்கு இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டேன். அது வேண்டுமென்று செய்ததில்லை. அந்தச் சாம்பாரில் ஒரு கிண்ணம் அவள் வீட்டுக்கும் அனுப்பினேனே, அது வேண்டுமென்று செய்ததுதான்.

அவள் வீடு என்றால் எங்கேயோ இல்லை. காஞ்சிபுரத்தில் தறிச்சத்தம் ஓயாத ஒரு தெருவில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே வீடுதான். தெருவில் தொடங்கிக் கொல்லைவரை நீளமாக ஓடுகிற வீடு. மாமனார் போனபின் அண்ணன் தம்பி இருவரும் முன்கட்டு, பின்கட்டு என்று பிரித்துக்கொண்டார்கள். என் கணவர் மூத்தவர். தறி பின்கட்டில் இருந்ததால், "எனக்கு இது போதும்பா" என்று சொல்லிவிட்டார். போதும் என்று சொல்வதில் அவருக்கு அப்படி ஒரு சுகம். தம்பி முன்கட்டை இடித்துக் கட்டி, ஏசி போட்டு, கண்ணாடிக் கதவு வைத்துப் பட்டுப்புடவைக் கடையாக்கினார். சனி ஞாயிறுகளில் கடை வாசலில் சென்னைக் கார்கள் வரிசையாக நிற்கும். என் வீட்டுக்குள் போகப் பக்கவாட்டில் ஒரு சந்து இருக்கிறது. எதிரே ஆள் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும்.

நான் எம்.ஏ. சரித்திரம் படித்தவள். பள்ளிக்கூடத்தில் சரித்திர டீச்சர். தினமும் சந்து வழியாகப் போகிறேன். பத்தாவதில் சரித்திரத்தில் கோட் அடித்தவள் என் ஓரகத்தி. அவள் கண்ணாடிக் கதவு வழியாகப் போகிறாள். அதுகூடப் பரவாயில்லை, பழகிவிட்டது. ஆனால் அவள் போகப்போவது பெய்ஜிங் என்றதும் என்னால் தாங்க முடியவில்லை. பெய்ஜிங்கில் இருப்பது என் அரண்மனை.

அந்த அரண்மனையை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். என் அப்பா பட்டு நூல் கடையில் வேலை பார்த்தார். சீனாவிலிருந்து வருகிற நூல் கட்டுகளில் சிலவற்றின் மேல் ஒரு படம் ஒட்டியிருக்கும். சிவப்புச் சுவர், மஞ்சள் ஓட்டுக் கூரை, வெள்ளைக் கல் படிகள், முன்னால் பரந்த முற்றம். அவ்வளவு பெரிய முற்றத்தில் ஓர் ஆள்கூட இருக்கமாட்டார். அப்பா தண்ணீர் தொட்டு, கிழியாமல் உரித்து எனக்காகக் கொண்டுவருவார்.

"இது யாரு வூடுப்பா?" என்று கேட்டேன்.

"யாரோ ராஜா வூடும்மா."

"ராஜா எங்க போய்ட்டாரு?"

அப்பாவுக்குத் தெரியவில்லை. நான் சரித்திரம் படிக்கப் போனதற்கு அந்த ஒரு கேள்விதான் காரணம். மற்ற பெண்கள் சினிமா நடிகர் படத்தைப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்தபோது நான் நூல் கட்டுப் படத்தை வைத்திருந்தேன்.

ராஜா எங்கே போனார் என்பது கல்லூரியில்தான் தெரிந்தது. அறுநூறு வருஷத்துக்கு முன்னால் கட்டிய அரண்மனை அது. ஊருக்கு நடுவே இருந்தாலும் ஊர் ஜனங்கள் உள்ளே கால்வைக்க முடியாது. அதனால்தான் விலக்கப்பட்ட நகரம் என்று பெயர். வானுலகத்து ராஜாவின் மாளிகையில் பத்தாயிரம் அறைகளாம். அவர் பொறாமைப்படக் கூடாது என்று இங்கே அரை அறை குறைத்துக் கட்டினார்கள் என்று ஒரு கதை உண்டு. வானத்தில் இருப்பவருக்கே பொறாமை வரும் என்றால் பின்கட்டில் இருக்கிற எனக்கு வரக்கூடாதா?

இருபத்து நாலு பேரரசர்கள் அங்கே இருந்தார்கள். கடைசி ராஜா சின்னக் குழந்தையாக அரியணை ஏறினவர். பல் விழுந்து முளைக்கிற வயதுக்குள் ராஜ்யம் போய்விட்டது. ஆனால் ராஜாவை யாரும் வெளியே அனுப்பவில்லை. முன்கட்டு குடியரசுக்கு, பின்கட்டு ராஜாவுக்கு என்று ஏற்பாடு செய்துகொண்டார்கள். முன்கட்டில் பழம்பொருள் காட்சி தொடங்கி, ஜனங்கள் சீட்டு வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்கட்டில் ராஜா வளர்ந்துகொண்டிருந்தார். இதை முதன்முதலில் படித்தபோது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆனபின் மறுபடி படித்தேன். அந்தப் பையன்மேல் எனக்கு ஏற்பட்ட பாசம் என் சொந்தத் தம்பிமேல்கூட ஏற்பட்டதில்லை.

அந்தப் பையன் செய்த ஒரு காரியம்தான் எனக்கு மிகப் பிடித்தது. அவனுக்கு யாரோ சைக்கிள் கொடுத்தார்கள். அரண்மனையில் ஒவ்வொரு வாசற்படியும் உயரமான மரப்படி, சைக்கிள் தாண்டாது. எத்தனையோ ராஜாக்கள் தாண்டிப் போன அந்த மரப்படிகளை அறுத்தெடுக்கச் சொல்லிவிட்டான். அறுத்த இடத்தின் வழியே பின்கட்டு முழுக்கச் சைக்கிள் ஓட்டினான். ராஜ்யம் இல்லாத ராஜாவால் முடிந்தது அதுதான். வருஷாவருஷம் வகுப்பில் இந்தக் கதையை நான் சொல்லும்போது கடைசி பெஞ்சுகூட அசையாமல் கேட்கும்.

பிறகு ஒருநாள் சிப்பாய்கள் வந்து உடனே வெளியேறச் சொன்னார்கள். சாமான்களைக் கணக்கெடுக்க வந்தவர்கள் பார்த்தபோது மேசைமேல் பாதி கடித்த ஆப்பிள் ஒன்று கிடந்ததாம். அடுத்த வருஷமே மொத்த அரண்மனையும் அருங்காட்சியகம் ஆகிவிட்டது. இத்தனை காலம் மதிலை வெளியே நின்று பார்த்த ஜனங்கள் திமுதிமுவென்று உள்ளே நுழைந்தார்கள். சண்டை வரும் என்ற பயத்தில் உள்ளே இருந்த பொக்கிஷங்களைப் பெட்டி பெட்டியாகக் கட்டி ரயிலிலும் படகிலும் ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காப்பாற்றினார்கள். கடைசியில் ஒரு பங்கு கடல் தாண்டி ஒரு தீவுக்குப் போய்விட்டது. இன்றைக்கு அங்கே ஓர் அருங்காட்சியகம், இங்கே ஓர் அருங்காட்சியகம். அண்ணன் தம்பி பாகம் பிரித்த மாதிரி ஒருவருக்கு வீடு, ஒருவருக்குச் சாமான். வயதான பிறகு அந்த ராஜா சீட்டு வாங்கிக்கொண்டு தன் வீட்டைப் பார்க்க வந்தார் என்றும் சொல்வார்கள்.

இதையெல்லாம் கரைத்துக் குடித்த நான் காஞ்சிபுரத்தில் இருக்கிறேன். பட்டு வியாபாரக் கண்காட்சிக்கு அழைப்பு வந்து, மனைவியையும் கூட்டிக்கொண்டு கொழுந்தனார் பெய்ஜிங் போகிறார். கொழுந்தனாரோடு நான் போக முடியாது, அவர் பெண்டாட்டிதான் போகவேண்டும். அது எனக்குத் தெரியாதா? தெரிந்தும் வயிறு எரிந்தது.

"போய்ட்டு வரட்டுமே, உனக்கு இன்னா?" என்றார் என் கணவர் தறியிலிருந்து தலையைத் தூக்காமல்.

எனக்கு என்னவா! அன்று ராத்திரி நான் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனிக்கவும் இல்லை.

கிளம்புகிறதற்கு முதல் நாள் அவள் பின்கட்டுக்கு வந்தாள். கை நிறைய மருதாணி. "அக்கா, அங்க ஏதோ பழைய அரண்மனை இருக்குதாமே. உனக்குத்தான் எல்லாம் தெரியும். இன்னா இருக்குதுன்னு கொஞ்சம் சொல்லேன்" என்றாள்.

ஏதோ பழைய அரண்மனை! சொல்லக்கூடாது என்றுதான் நினைத்தேன். ஆனால் அதைப் பற்றி யாராவது கேட்டால் என் வாய் நிற்காது. "நம்ம ஏகாம்பரநாதர் கோயில்னு வெச்சுக்கோ. கோபுர வாசல் தாண்டினா ஒரு முற்றம், மறுபடி வாசல், மறுபடி முற்றம். போகப் போகப் பெரிய ஆளுங்க மட்டும்தான் போகலாம். நடுவுல வெள்ளைக் கல்லுல உசந்த மேடை. அதுமேலதான் அரியணை மண்டபம். அதுதான் சந்நிதி. அங்க பேச்சு மூச்சு இருக்காது. அதுக்குப் பின்னாடி ராஜா குடும்பம் இருந்த இடம்" என்று ஆரம்பித்துக் கடைசி ராஜாவின் ராஜ்யம் போனதுவரை சொன்னேன். சைக்கிளுக்கு வருவதற்குள் முன்கட்டிலிருந்து கொழுந்தனார் கூப்பிட்டுவிட்டார்.

"கோயில் மாதிரி. புரிஞ்சிடுச்சுக்கா" என்று எழுந்து போனாள்.

நாலு நாள் கழித்து என் போனுக்குப் படங்கள் வந்தன. அரக்கு நிறப் பட்டு கட்டி, கொசுவம் தரையைத் தொட, சிவப்புச் சுவருக்கு முன்னால் நிற்கிறாள். என் நூல் கட்டுப் படத்தில் இருந்த அதே முற்றம். அங்கே ஓர் ஆள்கூட இருக்கமாட்டார் என்று நினைத்திருந்தேனே, நடுவில் இவள் நிற்கிறாள். அரியணை மண்டபத்தின் பெயர்ப்பலகையைப் பெரிதாக்கிப் பார்க்கலாம் என்று விரலால் இழுத்தேன். சரியாக அவள் கொண்டை மறைத்தது. சீனப் பெண்கள் அவள் புடவையைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொள்கிற படம் ஒன்றும் இருந்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வடாம் பிழியப் போய்விட்டேன்.

திரும்பி வந்தவள் எனக்கு ஒரு தேயிலைப் பொட்டலமும், ஃபிரிட்ஜில் ஒட்டிக்கொள்ள அரண்மனை பொம்மையும் கொண்டுவந்தாள். அரண்மனை என் கட்டைவிரல் அளவு இருந்தது.

"எப்படிம்மா இருந்துச்சு?" என்றேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"நல்லா பெருசா இருந்துதுக்கா. நடந்து நடந்து கால் வலி உயிர் போயிடுச்சு. பூனைங்க நெறைய சுத்திக்கினு இருந்துது. அழகழகா."

அவ்வளவுதான். அறுநூறு வருஷம், இருபத்து நாலு பேரரசர்கள், இவள் பூனையைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பொம்மையை ஃபிரிட்ஜின் பின்பக்கத்தில் ஒட்டினேன்.

இத்தோடு விட்டிருந்தால் நானும் ஆறிப்போயிருப்பேன். எங்கள் தலைமையாசிரியை விடவில்லை. எங்கள் பள்ளியில் சரித்திர மன்றத்துக்கு வருஷத்தில் ஒரு கூட்டம் நடக்கும். அதில் மேடையேறி அந்த அரண்மனையைப் பற்றிப் பேசுவது எப்போதும் நான்தான். வீட்டில் எனக்குச் சந்து, பள்ளியில் என் மேசை மாடிப்படி ஓரம். அந்த மேடைதான் எனக்கென்று இருந்த ஒரே முன்கட்டு.

"மிஸ், உங்க ஓரகத்தி அந்த பேலஸை நேர்லயே பார்த்துட்டு வந்திருக்காங்களாமே. இந்த வருஷம் அவங்களப் பேசச் சொல்லலாம். நீங்க சொல்றது எல்லாம் புக்ல இருக்கறதுதானே. நேர்ல பார்த்தவங்க பேசுனா பசங்களுக்கு இன்ட்ரஸ்ட் வரும்" என்றார் தலைமையாசிரியை.

புத்தகத்தில் இருக்கிறதுதானே! நான் சிரித்துக்கொண்டு, "கண்டிப்பா சொல்றேன் மேடம்" என்றேன். முகத்தில் சிரிப்பை வைத்துக்கொண்டே படியிறங்கினேன். கழிவறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன். அழுததற்கு எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

அவளிடம் சொன்னேன். "அய்யய்யோ, மேடையா? எனக்கு இன்னா தெரியும்? அக்கா, நீயே எழுதிக் குடுத்துடு, நான் பார்த்துப் படிச்சிடறேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எழுதிக் கொடுத்தேன். நாக்கு சுளுக்கிக்கொள்ளும் வார்த்தைகளாகப் பொறுக்கிப் போட்டேன். 'முடியாட்சியின் வீழ்ச்சிக்குப் பிற்பட்ட அருங்காட்சியகமயமாக்கல்' என்று ஓர் இடத்தில் எழுதினேன். அதை என்னாலேயே ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை. சைக்கிள் கதையை மட்டும் எழுதவில்லை. பேசுகிற மேடை போகட்டும், அந்தப் பையனையும் அவளிடம் கொடுக்க நான் தயாராக இல்லை.

கூட்டத்தன்று அவள் அதே அரக்குப் பட்டில் வந்தாள். நான் கடைசி வரிசையில், டீச்சர்களுக்குப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவள் காகிதத்தைப் பிரித்து முதல் வரியைப் படித்தாள். இரண்டாவது வரியில் அந்த நீண்ட வார்த்தை வந்தது. இரண்டு முறை முட்டினாள். முன் வரிசைப் பிள்ளைகள் களுக்கென்று சிரித்தார்கள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அவள் காகிதத்தை மடித்து மேசைமேல் வைத்துவிட்டாள். "எங்க அக்கா நல்லாத்தான் எழுதிக் குடுத்தாங்க. எனக்குத்தான் வாய்ல நுழையல. நான் அங்க செருப்பைத் தொலைச்ச கதையைச் சொல்றேன், கேக்கறீங்களா?" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. செருப்பு தொலைந்ததா? வீட்டில் ஒருவரிடமும் சொல்லவில்லையே!

"எங்க அக்கா சொல்லி அனுப்புனாங்க, அது ஏகாம்பரநாதர் கோயில் மாதிரின்னு. நடுவுல மேடை இருக்குது, அதுதான் சந்நிதின்னு. நானும் வாசல் வாசலா தாண்டிப் போறேன். வெள்ளைக் கல்லு மேடை வந்துது. சந்நிதிக்குச் செருப்போட ஏறலாமா? கீழயே கழட்டி வெச்சிட்டேன். கோயில்ல நாம எப்படி வெப்போம்? ஜோடியா வெச்சா எவனாவது போட்டுக்கினு பூடுவான்னு ஒத்தைய இந்தப் பக்கம், ஒத்தைய அந்தப் பக்கம் வெப்போம் இல்ல? அதே மாதிரி படிக்கு அந்தாண்ட ஒண்ணு, இந்தாண்ட ஒண்ணு வெச்சிட்டு மேல ஏறிட்டேன்."

பிள்ளைகள் கைதட்டினார்கள். காஞ்சிபுரத்துப் பிள்ளைகள், ஒற்றைச் செருப்புத் தந்திரம் தெரியாதவர்கள் ஒருவரும் இல்லை.

"பார்த்துட்டு, கோயில்னா ஒரு சுத்து சுத்தி அதே வாசலுக்கு வந்துடுவோம். அங்க அப்படி இல்லப்பா! தெக்கால பூந்தா வடக்காலதான் வெளிய உடுவாங்களாம். கூட்டம் மொத்தமும் முன்னாடியே போய்க்கினு இருக்குது. நான் திரும்பிப் போவலாம்னு பார்த்தா, காவக்காரரு கையை நீட்டிப் போ போன்றாரு. செருப்புன்னு சீன பாஷையில எப்படிச் சொல்றது? காலைத் தூக்கிக் காட்டுனேன். அவரு பயந்துட்டாரு!"

தலைமையாசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நான் அவரை அப்படிச் சிரிக்கவைத்ததில்லை.

"வூட்டுக்காரர்கிட்ட சொன்னா திட்டுவாரு. பொடவை கால மறைச்சிடுச்சு, அவருக்குத் தெரியல. அதுக்கப்புறம் அரண்மனை முழுக்க வெறுங்காலோடதான் நடந்தேன். வெளிய வந்து கார்ல ஏறும்போதுதான் பார்த்தாரு."

ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, "ஆன்ட்டி, வெறுங்கால்ல எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "வெயில் பட்ட கல்லு எளஞ்சூடா இருந்துது. சொவரு நெழலு உழுந்த கல்லு, ஐயோ, ஐஸு. சில கல்லு நடுவுல குழிஞ்சிருந்துது. எத்தினி பேரு நடந்திருந்தா அப்படிக் குழியும்? அந்தக் குழியில என் குதிங்கால் சரியா உக்காந்துது" என்றாள்.

மண்டபம் அமைதியாகிவிட்டது. நான் பேசும்போது வருகிற அமைதி அது. என்னுடையது என்று நான் நினைத்துக்கொண்டிருந்த அமைதி. கண்ணாடி போட்டு, கயிறு கட்டி, தொடாதே என்று எழுதி வைத்துக் காப்பாற்றுகிற அரண்மனை. உலகத்திலிருந்தெல்லாம் வந்து தூர நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். இவள் உள்ளங்காலால் தொட்டுவிட்டு வந்திருக்கிறாள். அதுவும் என் பேச்சைக் கேட்டுச் செருப்பைக் கழற்றியதால். சீனாவுக்கு அவள் போகிறாள் என்று தெரிந்த அன்று பட்டதெல்லாம் ஒன்றுமே இல்லை. பொறாமை என்றால் என்ன என்று அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில்தான் எனக்குத் தெரிந்தது.

கூட்டம் முடிந்ததும் பிள்ளைகள் அவளை மொய்த்துக்கொண்டார்கள். அவள் அவர்களை விலக்கிக்கொண்டு என்னிடம்தான் நேராக வந்தாள். "கோச்சுக்காதக்கா, பேப்பரைப் படிக்க வரல" என்றாள்.

"அதனாலென்னம்மா, நல்லாத்தான் பேசின" என்றேன். அது உண்மை, அதனால்தான் சொல்லக் கசந்தது.

இரண்டு பேரும் ஷேர் ஆட்டோவில் வீட்டுக்குத் திரும்பினோம். அவள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். புதுச் செருப்பு. கச்சபேஸ்வரர் கோயிலைத் தாண்டினோம். பிறகு அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, வந்ததுலேர்ந்து உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருக்கேன், மறந்து மறந்து பூடுது. அங்க வாசப்படி எல்லாம் மரத்துல, இவ்ளோ ஒசரம். மெரிக்கக் கூடாதுன்னு ஒவ்வொண்ணையும் தொட்டுக் கும்பிட்டுத் தாண்டுனேன். பின்னாடி ராஜா குடும்பம் இருந்த எடத்துல மட்டும் ஒரு வாசப்படியை அறுத்து எடுத்துட்டாங்க. வெறும் நெலம். குனிஞ்சு தொட்டுப் பார்த்தேன், அறுத்த எடத்துல மரம் வழுவழுன்னு இருந்துது. அதை ஏன்க்கா அறுத்தாங்க? உனக்குத் தெரியாம இருக்காது."

அந்த வாசலில் சைக்கிள் மணி அடித்துக்கொண்டு ஒரு பையன் போவதை எத்தனை வருஷமாக நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவன் அறுத்த மரத்தை இவள் கை தொட்டிருக்கிறது, யாருடையது என்று தெரியாமல். அந்த மொத்த அரண்மனையில் என்னிடம் மிச்சம் இருந்தது அந்த ஒரு வாசற்படிதான்.

"தெரியலையேம்மா" என்றேன்.

ஆட்டோ எங்கள் தெருவில் நின்றது. அவள் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். நான் சந்துக்குள் திரும்பினேன்.